உண்மையான விருந்தினர் தேவை

அந்த ஏரிக்கரை விடுதியில் மொத்தம் இருபத்திரண்டு அறைகள். இருபத்திரண்டிலும் படுக்கை விரிப்பவள் ஒருத்திதான். அவளை எல்லோரும் மூலை அக்கா என்பார்கள். மெத்தையின் நான்கு மூலைகளிலும் விரிப்பை மடித்துச் செருகுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. விருந்தினர் இரவு முழுக்க உருண்டு புரண்டாலும் அந்த மடிப்பு அசையாது. "அக்கா போட்ட மூலையைக் கலைக்கணும்னா பூகம்பம்தான் வரணும்" என்று சமையல்காரர் வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

பதினெட்டு வருடமாக அங்கேதான் வேலை. முன்பெல்லாம் படுக்கை வேலைக்கு மட்டும் ஆறு பேர் இருந்தார்கள். முதலில் நோய் வந்து ஊரை அடைத்தது. நோய் போனது என்று மூச்சு விடுவதற்குள் பெருமழை பெய்து மலைப்பாதை சரிந்தது. பாதையைச் செப்பனிட்டு முடிப்பதற்குள் சுற்றுலாக்காரர்கள் அப்படி ஓர் ஊர் இருப்பதையே மறந்துவிட்டார்கள். ஏழு மாதமாக ஒரு விருந்தினர்கூட வரவில்லை. விடுதி ஈ ஓட்டியது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குளிரில் ஓட்டுவதற்கு ஓர் ஈயும் கிடைக்கவில்லை.

மிஞ்சியவர்கள் நான்கு பேர்: மேனேஜர், சமையல்காரர், காவலாளி, மூலை அக்கா. மேனேஜர் பழைய செய்தித்தாளைப் படித்தார். சமையல்காரர் நான்கு பேருக்குச் சமைத்து, நாற்பது பேருக்குச் சமைத்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார். மூலை அக்கா மட்டும் தினமும் காலையில் அறை அறையாகப் போய், யாரும் படுக்காத படுக்கையைப் பிரித்து, உதறி, மறுபடி விரித்தாள்.

"யாருமே படுக்காத படுக்கையை எதுக்கு அக்கா தினம் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஈர வாடை ஏறிடும் சார். திடீர்னு யாராவது வந்துட்டா?"

"யார் வரப்போறாங்க?"

"யாரும் வரமாட்டாங்கன்னா நீங்க எதுக்கு சார் தினம் டை கட்டிக்கிட்டு வர்றீங்க?"

மேனேஜர் டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு செய்தித்தாளுக்குள் புகுந்துவிட்டார். மூலை அக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை.

நிலைமை அவளுக்கும் தெரியும். நகரத்தில் இருந்த முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்: சீசன் தொடங்கும்வரை பார்ப்பேன், அதற்குள் ஆள் வரவில்லை என்றால் கட்டிடத்தை விற்றுவிடுவேன். வாங்கப் போகிறவர் அதில் மேசை நாற்காலிகளை அடுக்கி வைக்கும் கிடங்கு நடத்தப் போகிறாராம். பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கிற நாத்தனார் வேறு தினமும் போன் போட்டு நச்சரித்தாள். "அண்ணி, பாக்கிங்ல ஒரு இடம் இருக்கு. உக்காந்துக்கிட்டே பார்க்குற வேலை. சூப்பர்வைசர் கிட்ட சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். எத்தனை நாளைக்குத்தான் நிறுத்த முடியும்?" மூலை அக்கா பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தாள். அவளுக்குப் படுக்கை விரிக்கிற வேலை பிடித்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் களைத்துப்போய் வந்து, தான் விரித்த படுக்கையில் நிம்மதியாகத் தூங்கி எழுவதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். இதை வெளியே சொன்னால் நாத்தனார் வருஷக்கணக்கில் சிரிப்பாள் என்று வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நொடித்துப்போன விடுதிகளைத் தூக்கி நிறுத்த, சுற்றுலாத் துறை தன் செலவிலேயே விளம்பரம் செய்யப் போகிறதாம். படம் எடுப்பது, சுவரொட்டி அடிப்பது, பேருந்துகளின் முதுகில் ஒட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர்களையும் சேர்த்து அறுபது விடுதிகள் விண்ணப்பித்திருந்தன, பன்னிரண்டுக்குத்தான் இடம். அதிகாரி ஒருவர் புகைப்படக்காரருடன் செவ்வாய்க்கிழமை நேரில் வருவார் என்று எழுதியிருந்தது. மேனேஜர் கடிதத்தை உரக்கப் படித்தார். ஏழாவது நிபந்தனையில் குரல் கம்மியது.

"படத்தில் இடம்பெறுபவர்கள் அந்த விடுதியில் தங்கியிருக்கும் உண்மையான விருந்தினர்களாக இருக்க வேண்டும்."

இந்த நிபந்தனைக்கும் ஒரு கதை உண்டு. போன வருடம் வேறெங்கோ ஒரு விடுதிக்கு, யாரோ எடுத்த வெளிநாட்டுப் படத்தை வாங்கி விளம்பரம் போட்டுவிட்டார்கள். பின்னணியில் பனிமலை. நம்பி வந்தவர்கள் கம்பளிக் குல்லாயும் கையுறையுமாக இறங்கி, வியர்க்க வியர்க்க நின்று "பனி எங்கே?" என்று சண்டை போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து துறை உஷாராகிவிட்டது. அரசாங்கம் ஒரு தடவை சூடு பட்டால் அடுப்பே இல்லாத இடத்திலும் கையை இழுத்துக்கொள்ளும்.

மேனேஜர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மூவரையும் கூப்பிட்டு வைத்து, "நீங்கதான் விருந்தினர்" என்றார்.

காவலாளி வெளிநாட்டிலிருந்து தனியாக வந்தவர். சமையல்காரரும் மூலை அக்காவும் ஓய்வெடுக்க வந்த கணவன் மனைவி. இதைக் கேட்டதும் சமையல்காரருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஐம்பது வயதாகியும் கல்யாணம் என்ற பேச்சைக் கேட்டாலே ஓடுகிற மனிதர் அவர். "வேற யாரையாவது..." என்று இழுத்தார். மூலை அக்கா, "பயப்படாதீங்கண்ணே, ஒரு நாளைக்குத்தான். அப்புறம் உங்களை விட்டுடுறேன்" என்று தைரியம் சொன்னாள். வீட்டில் சொன்னபோது அவள் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிமென்ட் மூட்டை ஏற்றுகிற வண்டி ஓட்டி ஓட்டி அவன் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மூவரும் முறைப்படி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பத்தோடு வைக்கும் விருந்தினர் பட்டியலிலும் போட்டார்கள். வந்த காரணம் என்ற கட்டத்தில் மூலை அக்கா 'ஓய்வு' என்று எழுதினாள். அவள் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. கணவன் மனைவிக்குப் பதினாலாம் எண் அறை. ஏரியைப் பார்த்த மாடம் அதற்குத்தான் உண்டு.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. கடன் வாங்கிய கோட்டில் தோட்டத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, ஹாரன் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார். "ரொம்ப மரியாதை தெரிஞ்ச விருந்தினர் மேடம்" என்று சமாளித்தார்.

அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். கையில் கோப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், பேச்சில் ஒரு சொல்கூட அதிகம் கிடையாது. உணவுக் கூடத்தில் சமையல்காரரிடம் "சூப் எப்படி இருக்கு?" என்று கேட்டார். தான் வைத்த சூப்பைப் பற்றித் தன்னிடமே கேட்டால் மனிதர் என்ன சொல்வார்? "உப்பு சரியா இருக்குங்களா?" என்று பதிலுக்கு அதிகாரியையே கேட்டுவிட்டார். அதிகாரி கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்து பதினாலாம் எண் அறை. புகைப்படக்காரர் மூலை அக்காவைக் கட்டிலில் சாய்ந்து உட்காரச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தவள் விரிப்பில் சுருக்கம் விழுந்ததைப் பார்த்து எழுந்து நீவினாள். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து நீவினாள். "அசையாதீங்கம்மா" என்று புகைப்படக்காரர் கெஞ்சினார். படத்துக்காக மேசையில் வைத்த காபிக் கோப்பையை அவள் பழக்கதோஷத்தில் எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டாள்.

"ரூம் எப்படி இருக்கும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

'ரொம்ப நல்லா இருக்கு.' மேனேஜர் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான். நான்கு நாளாகப் பாடம் நடத்தியிருந்தார். ஆனால் பதினெட்டு வருடத்தில் ரூம் எப்படி இருக்கிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை. விருந்தினர் சொன்ன குறைகளையெல்லாம் அவள் மேனேஜரிடம் கொண்டுபோவாள், அவர் "பார்க்கலாம் அக்கா" என்பார், அத்தோடு சரி. இன்றைக்கு ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். மூலை அக்காவால் அடக்க முடியவில்லை.

"வெந்நீர் வர பன்னிரண்டு நிமிஷம் ஆகுது மேடம். ஜன்னல் கொக்கி காத்துல தானா கழண்டுக்குது. மெத்தை இடது பக்கம் பள்ளம். ராத்திரியில முதுகு பிடிச்சுக்கும்."

மேனேஜர் இருமினார். அதிகாரி எழுதினார். எழுதுகிற கையைப் பார்த்ததும் அக்காவுக்கு உற்சாகம் பொங்கியது.

"ஒன்பதாம் நம்பர்ல பரவாயில்ல, எட்டு நிமிஷத்துல வந்துடும். இருபதுலதான் கொடுமை. குழாயைத் திறந்து வச்சுட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம். அஞ்சாம் நம்பர் அலமாரிக் கதவை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சாதான்..."

பேனா நின்றது. "நீங்க தங்கியிருக்குறது பதினாலாம் நம்பர்லதானே?"

மேனேஜர் பேயறைந்தவர்போல நின்றார்.

"எத்தனை வருஷமா இங்க வேலை பார்க்குறீங்க?"

"பதினெட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் மூலை அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி கோப்பை மூடினார். "கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்லியிருக்கீங்க. ஏழாவது நிபந்தனை. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

புகைப்படக்காரர் கருவிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். கிடங்கும் பிஸ்கட் பெட்டிகளும் அக்காவின் கண்முன்னால் வந்து நின்றன. தன் வாயாலேயே நான்கு பேர் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. அவளுக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். இரண்டில் கோபம்தான் எப்போதும் முந்திக்கொள்ளும்.

"ஒரு நிமிஷம் மேடம். நாங்க பொய் சொன்னது தப்புதான். ஆனா நீங்களே சொல்லுங்க, ஆள் வந்து தங்குற இடமா இருந்தா உங்க விளம்பரம் எங்களுக்கு எதுக்கு? ஆள் வரலைன்னுதானே விளம்பரம் கேக்குறோம். ஆளைக் காட்டினாதான் விளம்பரம்னா, அந்த ஆளை நாங்க எங்க போய்ப் பிடிக்கிறது?"

மேனேஜர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதிகாரி வாசலில் நின்றார். பிறகு திரும்பி வந்து, அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் முப்பத்தோரு விடுதி பார்த்துட்டேன்" என்றார். "அத்தனையிலயும் விருந்தினர் இருந்தாங்க. எல்லாருமே புதுசா இஸ்திரி போட்ட சட்டையில, எல்லாருமே 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு சொன்னாங்க. பொய்யின்னு தெரியும். நிரூபிக்கத்தான் முடியல. குறை சொன்ன முதல் விருந்தினர் நீங்கதான்." அவர் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்பது புரிய மற்றவர்களுக்கு நேரம் பிடித்தது.

"மேடம், இன்னிக்கு எங்க தங்குறீங்க?" என்று மூலை அக்கா கேட்டாள்.

"கீழ, அரசு ஓய்வு இல்லத்துல."

"அங்க வெந்நீர் வர எத்தனை நிமிஷம் ஆகும்?"

அதிகாரிக்கு முந்திப் புகைப்படக்காரர் மூலையிலிருந்து வயிறெரிந்து சொன்னார். "நாலு நாளாச்சுங்க, இன்னும் வரல."

அதிகாரி ஏழாவது நிபந்தனையை எடுத்து மறுபடி படித்தார். அடுத்த பக்கத்தில் இருந்த விளக்கத்தையும் படித்தார். விருந்தினர் என்றால் சொந்தச் செலவில், அலுவல் காரணம் எதுவும் இல்லாமல் தங்குகிறவர். பிறகு போனை எடுத்து, மேலதிகாரியிடம் இன்று மாலை நான்கு மணி முதல் நாளைக் காலை பத்து மணிவரை விடுப்பு வேண்டும் என்றார். காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "தூங்கணும் சார்" என்றார். மூன்று வருடமாக விடுப்பே எடுக்காதவர் என்பது பிற்பாடு தெரிந்தது.

"அந்த மூணு பேரையும் விண்ணப்பத்துல அடிச்சிடுங்க. பொய் எழுதினதுக்கு விளக்கம் எழுதி, கோப்புல வைக்கக் குடுங்க" என்றார் மேனேஜரிடம். "என் முகம் படத்துல வரக்கூடாது" என்றார் புகைப்படக்காரரிடம். நான்கு மணி அடித்ததும் வாடகையைக் கட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

மூலை அக்கா ஓட்டமாக ஓடிப்போய்ப் பதினாலாம் எண் அறைப் படுக்கையைப் பிரித்தாள். மெத்தையின் பள்ளத்துக்குக் கீழே கம்பளியை நான்காக மடித்துக் கொடுத்தாள். ஜன்னல் கொக்கியைக் கயிறு போட்டுக் கட்டினாள். ஏழு மாதம் கழித்து நிஜமாகவே படுக்கப் போகிற ஒருவருக்காக விரிக்கிறாள். முதல் மடிப்பு கோணல்மாணலாக வந்ததில் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி மடித்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அறையில் சத்தம் இல்லை. ஒன்பதுக்கும் இல்லை. நல்ல வெளிச்சம் போகிறதே என்று புகைப்படக்காரர் குட்டி போட்ட பூனைபோல முன்னும் பின்னும் நடந்தார். "பத்து மணியோட லீவு முடியுதே அக்கா, கதவைத் தட்டட்டுமா?" என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். மூலை அக்கா கதவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தூங்குறவங்களைத் தட்டி எழுப்புறதுக்கா சார் விடுதி நடத்துறோம்?"

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. அதிகாரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவிழ்ந்த தலைமுடியோடு, அக்கா நீட்டிய காபியை வாங்கிக்கொண்டு மாடத்துக்குப் போனார். ஏரிமேல் மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. கோப்பு, ஜீப், நிபந்தனை எதுவும் நினைவில்லாதவராகத் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார். புகைப்படக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து எடுத்தார்.

மூலை அக்கா அறைக்குள் போய்ப் படுக்கையைப் பார்த்தாள். ஒரு தலையணை தரையில். போர்வை கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே தொங்கியது. நான்கு மூலையில் இரண்டு பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. இப்படியும் ஒரு பெண் தூங்குவாளா என்று வியந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை எழுந்து நீவவில்லை.

பத்து மணிக்கு அதிகாரி தலை வாரி, பழைய முகத்தோடு இறங்கி வந்து, விருந்தினர் கருத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். 'வெந்நீர் வர பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று சொல்லப்பட்டது. பதினான்கு ஆனது.' மேனேஜர் அன்றைக்கே குழாய் பழுது பார்க்க ஆள் கூப்பிட்டார்.

பன்னிரண்டு விடுதிகளின் பட்டியலில் இவர்களுக்குப் பதினோராவது இடம். கம்பளி போர்த்திய ஒரு முதுகு பேருந்துகளின் முதுகில் ஊர் ஊராகப் போனது. ஆனால் ஒன்பது நாள் ஒரு போனும் வரவில்லை. முதலாளி மட்டும்தான் கூப்பிட்டார், சாவிகளை எண்ணி வைக்கச் சொல்லி. நாத்தனார், வெள்ளிக்கிழமைதான் கடைசி என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வயதான தம்பதி பெட்டியோடு வந்து இறங்கி, "அந்தப் படத்துல இருக்குறவங்க மாதிரி நாங்களும் நல்லா தூங்கி எழுந்திருக்கணும்" என்றார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வேன் வந்தது. நாத்தனார் போன் அடித்தபோது மூலை அக்கா கைநிறையத் துண்டுகளோடு மாடிப்படியில் இருந்தாள். "எனக்கு உக்காரவே நேரமில்லம்மா, உக்காந்து பார்க்குற வேலைக்கு நான் எங்க வர்றது?" என்று சொல்லி வைத்துவிட்டாள். முதலாளி கிடங்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். முன்பு வேலையை விட்டுப் போன பெண்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்குப் போய் "ஐயோ அம்மா" என்று சாய்கிறபோது அவள் முகத்தைப் பார்த்துக் கணவன் குழம்பினான். வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இப்படிச் சிரிக்கிற ஆளை அவன் பார்த்ததில்லை.

சீசன் தொடங்கி இரண்டாவது சனிக்கிழமை. மேனேஜர் வாசலில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தத் திண்டாடிக்கொண்டிருந்தார். வரவேற்பு மேசையில் போன் அடித்தது. அழுக்கு விரிப்புகளைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போன மூலை அக்கா எடுத்தாள்.

"நான்தான், சுற்றுலாத் துறையிலருந்து. ரெண்டு நாள் லீவு போட்டுட்டேன். சாயங்காலம் கிளம்பி வரேன். பதினாலாம் நம்பர் வேணும்."

அக்கா சாவிப் பலகையைப் பார்த்தாள். இருபத்திரண்டு கொக்கிகளில் ஒன்றில்கூடச் சாவி இல்லை. யாருக்கு இல்லை என்றாலும் இவருக்கு எப்படி இல்லை என்பது?

"மேடம், அது வந்து... ரூம் இல்லீங்க."

"பதினாலு இல்லையா? வேற எதுவா இருந்தாலும் சரி. இருபதுகூடப் பரவாயில்ல."

"எதுவுமே இல்லீங்க மேடம். இருபத்திரண்டும் நிறைஞ்சிடுச்சு."

மறுமுனையில் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"அக்கா" என்றது குரல். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

மூலை அக்கா விரிப்புகளை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் நிற்கிற மேனேஜர் திரும்பிப் பார்க்கும்படியாக, உரக்கச் சொன்னாள்.

"ரூம் இல்லீங்க!"